சீல் சின்ன வேலை, நட்டுதான் பெரிய வேலை

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். 2012 மாடல் பொலேரோ, ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் வண்டியை எடுத்தால் பின்பக்கம் நடுவில், தரையில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு எண்ணெய்க் கறை. பட்டறையில் காட்டினால் "கிரவுனையே இறக்கணும், ரெண்டு நாள் வண்டியை விடுங்க" என்கிறார்கள். கிரவுன் என்பது பின் ஆக்ஸிலின் நடுவில் இருந்து சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரத் தொகுதி, அதாவது டிஃபரன்ஷியல். வெறும் ஆயில் சீல்தானே (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்), அதை வீட்டிலேயே மாற்ற முடியாதா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: பட்டறைக்காரர் ஏமாற்றுகிறாரா? இரண்டுக்கும் ஒரே பதில்தான். சீல் மட்டும் போயிருந்தால் வீட்டில் மாற்றலாம், கிரவுனை இறக்க வேண்டியதில்லை. பினியன் (கிரவுனைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரத் தண்டு) நிற்கும் பேரிங்கும் போயிருந்தால் அவர் சொல்வது சரி. இது எது என்பதை வண்டிக்கு அடியில் படுத்து ஐந்து நிமிடத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

டிப்ளமோ முடித்துவிட்டு இருபத்திரண்டு வருடம் பட்டறையில் இருந்தவன் நான். ஆரம்பத்தில் அம்பாசடர் டாக்சிகள், பிறகு ஜீப், வேன், சின்ன லோடு வண்டிகள். எல்லாமே பின்சக்கரத்தில் இழுவை உள்ளவை. ஆகவே இங்கே சொல்வதும் அந்த வகைக்குத்தான். முன்சக்கர இழுவை உள்ள கார்களில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும், சீல் டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் இருக்கும். அது வேறு வேலை, இதைப் படித்துவிட்டு அதில் கை வைக்காதீர்கள்.

சரி, முதலில் ஒழுகுவது எங்கிருந்து என்று பார்க்க வேண்டும். பின் ஆக்ஸிலில் எண்ணெய் வெளியே வர முக்கியமாக மூன்று சீல்கள் உண்டு. கியர்பாக்ஸிலிருந்து சுழற்சியைப் பின்னால் கொண்டுவரும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் மூக்கில் இருப்பது பினியன் சீல். இரண்டு சக்கரத்துக்கும் பக்கத்தில் ஆளுக்கு ஒன்று ஆக்ஸில் சீல். இவை போக வடிகால் போல்ட்டு, கவர் பேக்கிங் என்று சில்லறை இடங்களும் இருக்கின்றன. வண்டி ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் அடித்துப் பரப்பிவிடும். அதனால் கறை விழும் இடத்தை வைத்து ஓட்டை இருக்கும் இடத்தைச் சொல்ல முடியாது. எஞ்சினின் பின்பக்கத்தில் ஒழுகிய எண்ணெய் ஆக்ஸில் வரை வந்து ஒட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். எனவே மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டு, பனியன் வேஸ்ட்டால் அந்த மூக்குப் பகுதியை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். மேலே கொஞ்சம் முகப்பவுடரைத் தூவி இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே ஆரம்பிக்கிறதோ அதுதான் இடம். மோந்தும் பார்க்கலாம். கிரவுன் எண்ணெயில் கந்தகம் கலந்த மருந்துகள் இருப்பதால் அழுகின முட்டை போல ஒரு வாடை வரும், ஒருமுறை மோந்தவர் மறக்கமாட்டார். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் அதைத் தண்ணீரில் கலந்து பாருங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கரைந்துவிடும், கியர் ஆயில் மிதக்கும். எது வந்தாலும், சக்கரப் பக்கம் ஈரம் என்றால் அன்றைக்கே பிரேக் ஷூவைப் பாருங்கள். எண்ணெய் குடித்த ஷூ வண்டியை நிறுத்தாது, ஒரு பக்கமாக இழுக்கும்.

பினியன் பக்கம்தான் என்று உறுதியானால் அடுத்து பிரீதர். ஆக்ஸில் ஹவுசிங்கின் (வெளிக்கூட்டின்) மேல் விரல்நுனி அளவுக்கு ஒரு மூச்சுக்குழாய் இருக்கும், சில வண்டிகளில் அதிலிருந்து ரப்பர் குழாய் மேலே போகும். ஓடும்போது உள்ளே எண்ணெய் சூடாகிக் காற்று விரியும். அது வெளியேற வழி இதுதான். சேறும் தூசியும் அடைத்துக்கொண்டால் காற்று சீலின் உதட்டை (தண்டோடு உரசும் ரப்பர் விளிம்பை) தள்ளிக்கொண்டு வெளியே வரும், எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வரும். இந்த நிலையில் எத்தனை புதுச் சீல் போட்டாலும் சில மாதத்தில் மறுபடி ஒழுகும். பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்து வாயால் ஊதிப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம், இதிலேயே ஒழுகல் நின்றுபோன வண்டிகள் உண்டு. எண்ணெய் மட்டத்தையும் பாருங்கள். வண்டி சமதரையில் நிற்கும்போது நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை இருக்க வேண்டும், அதற்கு மேல் ஊற்றியிருந்தாலும் கசியும்.

இப்போது அந்த ஐந்து நிமிடச் சோதனை. அடியில் போகும் முன், கீழே சொல்லும் கட்டை, ஸ்டாண்டு எச்சரிக்கையையும் பெயின்ட் கோட்டையும் படித்துவிடுங்கள், அவை இதற்கும் பொருந்தும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, பினியனின் முனையில் இருக்கும் ஃபிளாஞ்சை (ஷாஃப்ட்டைப் போல்ட்டு போட்டு இணைக்கும் தட்டை) இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். சுழலும் திசையில் கொஞ்சம் லொடலொடப்பு இருப்பது இயல்பு, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். ஆனால் மேலும் கீழுமாகவோ முன்னும் பின்னுமாகவோ துளி ஆட்டம் இருந்தாலும் பேரிங் தேய்ந்துவிட்டது அல்லது நட்டு இளகிவிட்டது. சுற்றிப் பார்க்கும்போது மணல் அரைப்பதுபோலக் கரகரவென்று இருந்தாலும் அதே கதைதான். ஆடுகிற தண்டின்மேல் எந்தச் சீலும் நிற்காது. ஓட்டும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஊளையிடும் சத்தம் ஏற்கெனவே இருக்கிறதா என்பதையும் யோசித்துப் பாருங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்தப் பதிலை இங்கேயே மூடிவிட்டு வண்டியைப் பட்டறையில் விடுங்கள். பேரிங் மாற்றிப் பல்லைச் சேர்த்துவைப்பது அளவுக்கருவிகள் வைத்துச் செய்யும் வேலை. அதை வீட்டு வாசலில் செய்யச் சொல்லமாட்டேன், நானே செய்யமாட்டேன்.

ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை, சீல் மட்டும்தான் என்றால் தொடரலாம். அதற்கு முன் உயிருக்கான விஷயம். பொலேரோவில் கைப்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கியதும் கைப்பிரேக்கால் பயனில்லை. கியரில் போட்டு வைத்திருக்கிறேன் என்பீர்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிய நொடியில் கியருக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிடும். ஆகவே முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தாக வேண்டும். தூக்கிய பின் ஆக்ஸிலின் இரு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு வைத்துத்தான் அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். செங்கலும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது, அவை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உடையும்.

எண்ணெய் வடிப்பதற்கு முன்னால் நிரப்பும் துளையின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். வடித்த பிறகு அது திறக்க மறுத்தால் வண்டி எண்ணெயில்லாமல் அந்த இடத்திலேயே நிற்கும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் ஷாஃப்ட்டின் ஃபிளாஞ்சிலும் பினியன் ஃபிளாஞ்சிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு. பழைய இடத்திலேயே சேர்த்தால் புது அதிர்வு எதுவும் வராது. கழற்றிய ஷாஃப்ட்டைத் தொங்கவிடாமல் ஒரு கயிற்றால் கட்டிவையுங்கள்.

அடுத்ததுதான் இந்த வேலையின் உயிர்நாடி, கொஞ்சம் நின்று சொல்கிறேன். பினியன் தண்டு கூம்பு வடிவ உருளைகள் கொண்ட இரண்டு பேரிங்குகளில் நிற்கிறது. அவை சும்மா நின்றால் போதாது, ஒன்றையொன்று பார்த்து லேசாக அழுத்தியபடி நிற்க வேண்டும். அந்த அழுத்தத்துக்குத்தான் பிரீலோடு என்று பெயர். ஃபிளாஞ்சைப் பிடித்திருக்கும் பெரிய நட்டுதான் அந்த அழுத்தத்தைக் கொடுக்கிறது. குறைந்தால் பினியன் ஆடும், பல் தின்னும். கூடினால் பேரிங் சூடாகிச் சீக்கிரம் செத்துப்போகும். பல வண்டிகளில் இரண்டு பேரிங்குக்கும் நடுவே மெல்லிய குழாய் போன்ற ஒரு ஸ்பேசர் இருக்கும். நட்டை இறுக்கும்போது அது நசுங்கி அளவுக்கு வரும். நசுங்கியது மறுபடி நிமிராது. எனவே கொஞ்சம் அதிகமாக இறுக்கிவிட்டு அப்புறம் தளர்த்திச் சரிசெய்துகொள்ளலாம் என்பது நடக்காது. புது ஸ்பேசர்தான் போட வேண்டும், சில வண்டிகளில் அதற்குக் கிரவுனையும் இறக்க வேண்டியிருக்கும். வேறு சில வண்டிகளில் நசுங்காத ஸ்பேசரும் ஷிம் தகடுகளும் இருக்கும். அவற்றில் நட்டைப் புத்தகத்தில் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் விசையின் அளவுக்கு) இறுக்கினால் போதும், பிரீலோடைத் தகடுகள் பார்த்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் எது என்பதை அதன் சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் யாரோ சொன்னார்கள் என்பது இதில் ஆகாது.

என் முதல் வருடத்தில் நடந்தது. ஒரு டாக்சிக்குச் சீல் மாற்றிவிட்டு, இளகிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் ஸ்பேனரில் நாலடிப் பைப்பைச் சொருகி முழு பலத்தையும் போட்டு இறுக்கினேன். நான்காம் நாள் வண்டி திரும்பி வந்தது, வருவதற்கு முன்பே தெருமுனையில் அதன் ஊளைச் சத்தம் கேட்டது. சீல் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. பேரிங்தான் நீலம் பாரித்துக் கிடந்தது. அந்த மாதச் சம்பளத்தில் பாதி அதற்கே போனது.

இதைத் தவிர்க்க நட்டைத் தொடுவதற்கு முன்பே அளவெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரங்களையும் பிரேக் டிரம்களையும் கழற்றிவிடுங்கள், ஷூ உரசினால் அளவு பொய்யாகிவிடும். ஃபிளாஞ்சின் விளிம்பில் உறுதியான நூலைச் சில சுற்றுச் சுற்றி, மறுமுனையில் ஸ்பிரிங் தராசை மாட்டி மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். அசையத் தொடங்கும்போது காட்டும் எடை வேண்டாம். சுழன்றுகொண்டிருக்கும்போது முள் எங்கே நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக ஃபிளாஞ்சின் ஆரம் 6 சென்டிமீட்டர், தராசு காட்டுவது 1.5 கிலோ என்றால் சுழலும் எதிர்ப்பு 9 கிலோ-சென்டிமீட்டர், ஏறக்குறைய 0.9 நியூட்டன் மீட்டர். வேலை முடிந்து இறுக்கும்போது இந்த அளவும், புதுச் சீலின் உரசலுக்காக இன்னும் 0.3 முதல் 0.5 நியூட்டன் மீட்டரும் வந்தால் போதும். மேலே சொன்ன உதாரணத்தில் தராசு 2 கிலோவைத் தாண்டும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஏற்கெனவே ஓடிய பேரிங்குகளுக்குத்தான் இந்தக் கணக்கு. புதுப் பேரிங்குக்கு அளவு வேறு, அதிகமாக இருக்கும்.

நிறையப் பேர் செய்யும் வழி வேறொன்று. நட்டிலும் தண்டின் முனையிலும் ஃபிளாஞ்சிலும் சென்டர் பஞ்சால் புள்ளி வைத்து, வெளியே தெரியும் மரையை எண்ணிவைத்து, திரும்ப அதே புள்ளிக்கு வந்து, அதைவிட மயிரிழை மட்டும் அதிகமாக இறுக்குவது. நானும் நூற்றுக்கணக்கில் அப்படிச் செய்திருக்கிறேன், பெரும்பாலும் பிரச்சினை வந்ததில்லை. ஆனால் அது பிரீலோடு ஏற்கெனவே சரியாக இருந்தது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. புது நட்டு போட்டாலோ, ஃபிளாஞ்சை மாற்றினாலோ பழைய புள்ளிக்கு அர்த்தமே இல்லை. ஆகவே புள்ளியும் வையுங்கள், தராசிலும் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் தராசை நம்புங்கள்.

நட்டைக் கழற்ற ஃபிளாஞ்ச் சுற்றாமல் பிடிக்க வேண்டும். இரண்டு துளை போட்ட கனமான இரும்புப் பட்டை ஒன்றை வெல்டிங் கடையில் செய்யச் சொல்லி, அதை ஃபிளாஞ்சில் போல்ட்டு போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். நட்டின் விளிம்பைத் தண்டின் பள்ளத்துக்குள் தட்டி மடக்கியிருந்தால் முதலில் அதை உளியால் நிமிர்த்துங்கள். ஃபிளாஞ்ச் கையோடு வராவிட்டால் புல்லர் போட்டு இழுங்கள். சுத்தியலால் அடிக்காதீர்கள், அடி நேராகப் பேரிங்கில்தான் இறங்கும். ஃபிளாஞ்ச் வரும்போது எண்ணெயும் வரும், கீழே தட்டு வையுங்கள்.

பழைய சீலை எடுக்க, அதன் தகட்டு முகத்தில் எதிரெதிராக இரண்டு சிறிய ஸ்க்ரூவை ஏற்றி அவற்றைப் பிடித்து இழுப்பது எனக்குப் பிடித்த முறை. ஸ்க்ரூவை ஆழமாக ஏற்றாதீர்கள், பின்னாலேயே பேரிங் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் ஹவுசிங்கில் கீறல் விழும், அப்புறம் அந்தக் கீறல் வழியாகவே எண்ணெய் வரும்.

சீலை எடுத்ததும் ஃபிளாஞ்சில் அதன் உதடு உரசிய இடத்தைத் துடைத்து, நகத்தை ஓட்டிப் பாருங்கள். பளபளப்பான கோடு மட்டும் இருந்தால் பரவாயில்லை. நகம் தட்டி நிற்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுச் சீலும் ஒழுகும். 'சீல் மாத்தியும் நிக்கலை' என்று வரும் வண்டிகளில் நான் கண்ட காரணம் பெரும்பாலும் இந்தப் பள்ளம்தான், அல்லது அந்தப் பிரீதர். இதற்கு மூன்று வழி. புது ஃபிளாஞ்ச் வாங்குவது நல்லது. கால் மில்லிமீட்டர் கனமுள்ள எஃகு ஸ்லீவ் விற்கிறார்கள், அதைப் பள்ளத்தின்மேல் ஏற்றுவது அடுத்தது. இடம் இருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ தள்ளிப் பொருத்தி, உதடு புது இடத்தில் உட்காரும்படி செய்வது மூன்றாவது. உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்க்க மட்டும் வேண்டாம், ஒவ்வொரு கோடும் எண்ணெய்க்கு ஒரு வாய்க்கால்.

புதுச் சீலில் உள்விட்டம், வெளிவிட்டம், கனம் என்று மூன்று எண்கள் இருக்கும், பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். சிலவற்றில் சுழலும் திசைக்கு அம்புக்குறியும் இருக்கும், அதையும் கவனியுங்கள். கடையில் வருடக்கணக்கில் கிடந்து ரப்பர் விறைத்த சரக்கு வேண்டாம். பொருத்தும்போது ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்து உள்ளே போக வேண்டும். அந்த ஸ்பிரிங் நழுவிவிடாமலிருக்கப் பள்ளத்தில் கொஞ்சம் கிரீஸ் அடைத்துவிடுங்கள், உதட்டிலும் எண்ணெய் தடவுங்கள். காய்ந்த உதடு முதல் சில நிமிட ஓட்டத்திலேயே கருகிவிடும். சீலின் வெளிவிளிம்பு அளவுக்குப் பொருந்தும் பைப்புத் துண்டை வைத்து, சுற்றிச் சுற்றி லேசாகத் தட்டி நேராக இறக்குங்கள். ஃபிளாஞ்சின் உள்பல்லில் மெல்லிதாகச் சீலன்ட் தடவிப் பொருத்துங்கள். பல்லிடுக்கு வழியாக எண்ணெய் ஊர்ந்து நட்டடியில் எட்டிப் பார்ப்பதைச் சீல் ஒழுகல் என்று நினைத்து இரண்டாம் முறை கழற்றியவர்கள் இருக்கிறார்கள். நட்டு புதிது போடச் சொல்லியிருந்தால் புதிதே போடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் தராசு. காற்றழுத்தத்தில் நட்டைச் சுழற்றும் துப்பாக்கிக் கருவி இறுக்கத்துக்குக் கூடாது.

எண்ணெய் விஷயத்தில் சந்தேகம் இல்லை. கிரவுன் பினியனின் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கவும் செய்யும், அதனால் மேனுவல் ஜிஎல்-5 (கியர் எண்ணெயின் ஒரு தரம்) என்று சொன்னால் ஜிஎல்-5தான். மிச்சம் இருக்கிறதே என்று அதைக் கேட்காமல் கியர்பாக்ஸில் ஊற்றாதீர்கள், பித்தளை வளையங்கள் உள்ள சில கியர்பாக்ஸ்களுக்கு அது ஆகாது. சீல் ஒழுகலை நிறுத்தும் மருந்து என்று டப்பாவில் விற்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விறைத்த ரப்பரை அது கொஞ்சம் ஊதவைக்கலாம். கிழிந்த உதட்டையோ பள்ளம் விழுந்த ஃபிளாஞ்சையோ அது ஒன்றும் செய்யாது. நான் போடுவதில்லை.

பட்டறைக்காரரைப் பற்றி: வண்டியைப் பார்க்காமல் அவரைத் தப்பு சொல்ல எனக்கு வழியில்லை. ஒருவேளை அவர் ஃபிளாஞ்சை ஆட்டிப் பார்த்திருக்கலாம். "பினியன்ல ஆட்டம் இருக்கா அண்ணே, காட்டுங்க" என்று கேளுங்கள். ஆட்டிக் காட்டினால் வேலையை அவரிடமே கொடுத்துவிடலாம்.

நீங்களே செய்தால், முடித்ததும் பத்து கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டு, ஹவுசிங்கின் மூக்குப் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள். வேலைக்கு முந்தைய நாளே இதே தூரம் ஓட்டித் தொட்டுப் பார்த்திருந்தால் ஒப்பிட வசதி. அதைவிடத் தெளிவாகச் சூடு கூடியிருந்தாலோ, புதிதாக ஊளை கேட்டாலோ அதற்கு மேல் ஓட்டாதீர்கள். மறுநாள் காலையில் மூக்கில் லேசான ஈரம் தெரிந்தால் உடனே கழற்ற வேண்டாம், போல்ட்டு மரைகளில் தங்கிய பழைய எண்ணெயாக இருக்கும். ஒருமுறை துடைத்துவிட்டு 500 கிலோமீட்டர் கழித்து எண்ணெய் மட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள்.